‘ஃபில்ட் அப் சாயில்’னு எழுதிட்டா போதுமா?



சிவில்காரங்க எல்லாரும் ஒரு தடவையாவது போர் லாக் பாத்திருப்பீங்க. மத்த டிபார்ட்மென்ட் நண்பர்களுக்காக ஒரு வரி: கட்டடம் கட்டறதுக்கு முன்னாடி நிலத்துல துளை போட்டு, எந்த ஆழத்துல என்ன மண் இருக்குன்னு மேலிருந்து கீழே வரிசையா எழுதி வைக்கற அட்டவணைதான் போர் லாக். உங்க ஹாஸ்டலுக்கும் உங்க அபார்ட்மென்டுக்கும் அப்படி ஒண்ணு எங்கேயாவது ஒரு ஃபைல்ல தூங்கிட்டு இருக்கும்.

அந்த அட்டவணையோட முதல் வரியைப் பாருங்க. சென்னை, கோவை, திருப்பூர்னு எந்த ஊர் ரிப்போர்ட்டா இருந்தாலும், முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். 0 முதல் 2 மீட்டர் வரை, இல்லன்னா 3 மீட்டர் வரை, ‘ஃபில்ட் அப் சாயில்’. அவ்வளவுதான். அதுக்குக் கீழே இருக்கற களிமண்ணுக்கு நிறம், ஈரப்பதம், லிக்விட் லிமிட், எஸ்.பி.டி. மதிப்புன்னு அரைப் பக்கம் விவரம் இருக்கும். நம்ம கால் படற முதல் 2 மீட்டருக்கு மட்டும் மூணு வார்த்தை.

இந்த மூணு வார்த்தையைப் பத்திதான் இந்தக் கட்டுரை. மண் மாசுபட்டிருக்கான்னு தேடறப்போ, நிரப்பின மண்ணை எப்படி விவரிச்சு எழுதணும், அதை ஏன் ஒழுங்கா எழுதணும்னு சொல்லப் போறேன். தலைப்பு போர் அடிக்கற மாதிரி இருந்தாலும் கடைசி வரை படிங்க. இதுல எங்க அப்பாவோட 1200 சதுர அடியும் இருக்கு.

நாம படிச்சது எந்த மண்ணைப் பத்தி?

நாலாவது செமஸ்டர் சாயில் மெக்கானிக்ஸ் ஞாபகம் இருக்கா? ஐ.எஸ். 1498 படி மண்ணை வகைப்படுத்தறது. 4.75 மி.மீ. சல்லடை, 75 மைக்ரான் சல்லடை, அப்புறம் பிளாஸ்டிசிட்டி சார்ட். கடைசியில சி.எச்., எஸ்.எம்., எம்.எல்.னு ரெண்டு எழுத்து கிடைச்சா வைவால பாஸ்.

அந்த முறை இயற்கையான மண்ணுக்கு அருமையா வேலை செய்யுது. காரணம், ஆறும் காத்தும் கடலும் மண்ணைத் தரம் பிரிச்சுதான் படிய வைக்கும். வேகமா ஓடற தண்ணி கூழாங்கல்லைப் போடும், தேங்கின தண்ணி களிமண்ணைப் போடும். அதனால 20 மீட்டர் தள்ளி இன்னொரு துளை போட்டாலும் கிட்டத்தட்ட அதே வரிசை வரும்னு ஓரளவு நம்பலாம்.

டிப்பர் லாரி அப்படித் தரம் பிரிக்காது. முதல் லோடு இடிச்ச வீடு, ரெண்டாவது லோடு பட்டறைச் சாம்பல், மூணாவது லோடு எங்கேயோ பேஸ்மென்ட் தோண்டின களிமண். மூணையும் பக்கத்துப் பக்கத்துல கொட்டி, மேல ஜேசிபி ஓட்டி, கடைசியா ஒரு அடி செவப்பு கிராவல் அடிச்சா, பாக்கறதுக்கு எல்லாம் ஒரே நிலம். 3 மீட்டர் தள்ளிப் போனாலே உள்ளே வேற கதை. இதை சல்லடையில சலிச்சா ‘எஸ்.எம்.’னு வரலாம், வண்டல் கலந்த மணல்னு அர்த்தம். அந்த மணல் ஆத்து மணலா, கோவைப் பக்கம் ஃபவுண்டரியில இருந்து வந்த கருப்பு மணலான்னு சல்லடை சொல்லாது. மாசு தேடறவங்களுக்குத் தேவைப்படறதோ அந்தத் தகவல்தான்.

அண்ணன் சொன்ன லாக்

போன மே மாசம் ஒரு சாயில் டெஸ்டிங் கம்பெனியில இன்டர்ன்ஷிப் பண்ணேன். சென்னைக்குத் தெற்கே ஒரு சைட். முக்காலி, வின்ச், 63.5 கிலோ சுத்தியல், நாலு அண்ணன்கள். நான் ஒரு நோட்டோட நிழல்ல நிக்கறேன். நான் எல்.கே.ஜி.ல இருந்து இங்கிலீஷ் மீடியம். டெக்ஸ்ட்புக்ல இருக்கற இங்கிலீஷ் வார்த்தை எல்லாம் எனக்கு அத்துப்படி.

துளையில இருந்து வந்த மண்ணைக் கையில எடுத்துப் பாத்து மூத்த அண்ணன் ஒருத்தர் சொன்னார். “தம்பி, மேல ரெண்டடி சவுடு. அதுக்குக் கீழ ரப்பீஸ். செங்கல்லு, டைல்ஸு, பழைய ஓடு எல்லாம் கலந்து கிடக்கு. அப்புறம் ஒரு முழம் சாம்பல். கருப்பா, லேசா டீசல் நாத்தம் வருது பாரு. அதுக்குக் கீழதான் ஏரிக் களி. அது ஒரிஜினல்.”

இருபது வருஷமா போர் போடறவர். எந்தக் கோடும் படிச்சதில்ல. ஆனா அவர் சொன்ன அந்த நாலஞ்சு வாக்கியத்துல அடுக்கு வரிசை இருக்கு, கனம் இருக்கு, என்ன பொருள் கலந்திருக்குன்னு இருக்கு, நிறம், வாசனை இருக்கு, இயற்கை மண் எங்க ஆரம்பிக்குதுன்னும் இருக்கு. நான் அப்படியே தமிழ்லயே எழுதிக்கிட்டேன்.

அந்தப் பகுதியில அதே கம்பெனி முன்னாடி கொடுத்த பழைய ரிப்போர்ட்டுகளை ஆபீஸ்ல புரட்டிப் பாத்தேன். அங்க எல்லாத்துலயும் ‘ஃபில்ட் அப் சாயில்’. சவுடு போச்சு, ரப்பீஸ் போச்சு, சாம்பல் போச்சு, டீசல் நாத்தமும் போச்சு. அவங்களைக் குத்தம் சொல்றதுக்காகச் சொல்லல. அவங்ககிட்ட கேட்ட கேள்வி, ‘அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் போகணும்?’. அதுக்கு அந்த மூணு வார்த்தை போதும்: நிரப்பின மண்ணை நம்பாதே, அதைத் தாண்டிக் கீழே போ. ஆனா ‘இங்க குழந்தைங்க விளையாடலாமா? கிணறு தோண்டலாமா? கீரை போடலாமா?’ன்னு வேற ஒருத்தர் பின்னாடி கேட்டா, அந்த ரிப்போர்ட்டால ஒரு பதிலும் சொல்ல முடியாது. மண் மாதிரியை எல்லாம் கொஞ்ச நாள்ல தூக்கிப் போட்டுடுவாங்க, துளையை மூடிடுவாங்க. கடைசியில மிஞ்சறது நாம எழுதின வார்த்தை மட்டும்தான்.

இதனால யாருக்கு என்ன ஆச்சு?

கிளாஸ்கோ நகரத்தோட தென்கிழக்குப் பக்கம், ரதர்க்ளென் பக்கத்துல ஷாஃபீல்டுன்னு ஒரு இடம். அங்க 19-ஆம் நூற்றாண்டுல இருந்து 1960-கள் வரை ஒரு குரோமேட் தொழிற்சாலை ஓடுச்சு. தாதுவுல இருந்து குரோமியத்தைப் பிரிச்சு எடுத்த பிறகு மிஞ்சின கழிவு மலை மாதிரி சேர்ந்துச்சு. அதை என்ன பண்ணாங்க? சுத்துப்பக்கம் இருந்த பழைய குழிகளை நிரப்பறதுக்கும், நிலத்தை மேடாக்கறதுக்கும் பயன்படுத்தினாங்க. லாரிக்காரருக்கு அது வெறும் ஃபில்லிங் மெட்டீரியல். அந்தக் கழிவுக்குள்ள இருந்த ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணியில கரையும், புற்றுநோய் உண்டாக்கும். தொழிற்சாலை மூடிப் பல பத்தாண்டு கழிச்சும் அந்தப் பகுதியில நிலத்தைச் சுத்தம் பண்ணிட்டு இருக்காங்க. பக்கத்துல ஓடற போல்மடி ஓடை பளிச்சுனு மஞ்சள்-பச்சை நிறத்துல ஓடி செய்தி ஆச்சு.

கிளாஸ்கோ ரொம்ப தூரம்னு நினைக்காதீங்க. நம்ம ராணிப்பேட்டையிலயும் ஒரு குரோமேட் தொழிற்சாலை 1990-கள்ல மூடிச்சு. ஒரு லட்சம் டன்னுக்கு மேல கழிவை அங்கேயே குவிச்சு வச்சுட்டுப் போனாங்க. சுத்துப்பக்க நிலத்தடி நீர் மஞ்சளா மாறினது பல வருஷமா செய்தியில வருது. குவியலாக் கண்ணுக்குத் தெரியறதால அதைப் பத்தி நாம பேசவாவது முடியுது. நாலு லோடு எடுத்து ஒரு மனையில பரப்பி மேல கிராவல் அடிச்சிருந்தா? அப்போ அதைக் கண்டுபிடிக்கறதுக்கு இருக்கற ஒரே ஆள், அந்த மண்ணை முதல்ல தோண்டிப் பாக்கற சிவில் இன்ஜினியர். அவர் ‘மஞ்சள்-பச்சைக் கறை’னு ஒரு வார்த்தை எழுதினா லேப்ல குரோமியம் டெஸ்ட் போடுவாங்க. எழுதலைன்னா போட மாட்டாங்க.

இன்னொரு சம்பவம். 1986 மார்ச் 24, இங்கிலாந்து டெர்பிஷையர்ல லாஸ்கோன்னு ஒரு ஊர். ஒரு வீடு வெடிச்சுத் தரைமட்டமாச்சு, மூணு பேருக்குக் காயம். வீட்டுக்குள்ள கேஸ் சிலிண்டர் எதுவும் வெடிக்கல. பக்கத்துல குப்பை கொட்டி நிரப்பின ஒரு பழைய குழியில உருவான மீத்தேன், நிலத்துக்கு அடியில பாறை இடுக்கு வழியா வந்து வீட்டுக்கு அடியில சேர்ந்திருந்துச்சு. அன்னிக்குக் காத்தழுத்தம் வேகமா இறங்கினப்போ வாயு இன்னும் அதிகமா வெளியே வந்துச்சு. நிரப்பின மண்ணுக்குள்ள மக்கற குப்பை இருக்கா, எந்த அளவுக்கு மக்கியிருக்குன்னு எழுதறது ஏன் முக்கியம்னு இப்போ புரியும். ஏரியிலயும் சதுப்பு நிலத்துலயும் குப்பையைக் கொட்டி மேடாக்கற பழக்கம் நமக்கும் புதுசு இல்லையே. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குள்ளதான் பெருங்குடி குப்பைக் கிடங்கு இருக்கு.

என்னென்ன எழுதணும்?

பிரிட்டன்ல நில ஆய்வுக்கு பி.எஸ். 5930னு ஒரு கோடு இருக்கு. மனுஷன் உண்டாக்கின நிலத்தை அவங்க ‘மேட் கிரவுண்ட்’னு சொல்றாங்க. ஒழுங்கா அடுக்கடுக்கா உருட்டி, டெஸ்ட் பண்ணி நிரப்பினது வேற, கண்டபடி கொட்டினது வேறன்னும் பிரிக்கறாங்க. நம்ம லாக்ல ரெண்டுக்கும் ஒரே பேர்.

மேட் கிரவுண்டைப் பாத்தா என்னென்ன குறிச்சு வைக்கணும்னு அந்தக் கோடுல ஒரு பட்டியல் வரும். எங்கிருந்து வந்த பொருள், பெரிய காங்கிரீட் துண்டோ பழைய வண்டிப் பாகமோ இருக்கா, நடுவுல காலி இடம் இருக்கா, ரசாயனக் கழிவு, மக்கற பொருள், வாசனை, கண்ணை உறுத்தற நிறம், உள்ளே சூடா இருக்கா, துளையில இருந்து ஆவி வருதா. இதோட எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணும் இருக்கு: புதைஞ்சு கிடக்கற காகிதத்துல படிக்கற மாதிரி தேதி ஏதாவது இருக்கா!

யோசிச்சுப் பாருங்க. பழைய நியூஸ்பேப்பர் ஒண்ணு கிடைச்சா, அந்த அடுக்கு அந்தத் தேதிக்கு அப்புறம்தான் கொட்டப்பட்டிருக்கணும். நம்ம ஊர்ல பேப்பர் மக்கிடும், ஆனா சிப்ஸ் கவரும் பால் பாக்கெட்டும் ஷாம்பு சாஷேவும் மக்காது. எல்லாத்துலயும் பேக்கிங் தேதியும் விலையும் அச்சடிச்சிருக்கும். தொல்லியல்காரங்களுக்கு பானை ஓடு எப்படியோ, நமக்கு சிப்ஸ் கவர் அப்படி.

நிறமும் நிறைய சொல்லும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வெளிர் நீலத்துல தோல் சீவல் கிடைச்சா அது குரோமியம் போட்டுப் பதனிட்ட தோல். பிரிட்டன்ல பழைய நிலக்கரி வாயு ஆலை நிலங்கள்ல அடர் நீலமா ஒரு மண் வரும், அது சயனைடு சேர்மங்கள் இருக்கற கழிவு. அந்துருண்டை வாசனை வந்தா நிலக்கரித் தார் இருக்கலாம். அழுகின முட்டை வாசனைன்னா ஹைட்ரஜன் சல்பைடு.

ஆனா ஒரு எச்சரிக்கை. வாசனை தானா மூக்குக்கு வந்தா எழுதுங்க, மண்ணை எடுத்து மூக்குல வச்சு மோந்து பாக்காதீங்க. சீனியர் யாராவது அப்படிப் பண்ணச் சொன்னாலும் வேண்டாம். உடைஞ்ச ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் துண்டு இருந்தா அதை இன்னும் உடைக்காதீங்க. தண்ணி தெளிச்சு, மாஸ்க் போட்டு, தனிப் பையில எடுத்து வைங்க.

எழுதறப்போ ரெண்டு விஷயத்தைக் கலக்கக் கூடாது: பாத்தது ஒண்ணு, நாம ஊகிக்கறது ஒண்ணு. ‘தொழிற்சாலைக் கழிவு’னு எழுதினா அது ஊகம். ‘கருப்பு நிறச் சாம்பல், கண்ணாடி மாதிரி உருகின கட்டிகள் சுமார் 20 சதவீதம்’னு எழுதினா பாத்தது. ஊகத்தையும் எழுதலாம், ஆனா அது ஊகம்னு தெரியற மாதிரி தனியா எழுதணும். அடுத்து வர்றவருக்கு உங்க ஊகம் தப்புன்னு தோணினாலும், நீங்க பாத்தது அவருக்கு உதவும்.

அண்ணன் சொன்னதையே லாக் நடையில எழுதினா இப்படி வரும்:

0 - 0.6 மீ: நிரப்பு மண். செம்பழுப்பு, வண்டல் கலந்த மணல் (சவுடு). வேற்றுப் பொருள் இல்லை.

0.6 - 1.5 மீ: நிரப்பு மண். சாம்பல்-பழுப்பு நிற மணல், கட்டட இடிபாடு சுமார் 40 சதவீதம்: செங்கல், தரை டைல்ஸ், கூரை ஓடு, அதிகபட்சம் 12 செ.மீ. துண்டுகள். தளர்வு.

1.5 - 2.0 மீ: நிரப்பு மண். கருப்பு, மணல் பருமனில் சாம்பல். லேசான டீசல் வாசனை. ஈரம்.

2.0 மீட்டருக்குக் கீழே: கரும்சாம்பல் களிமண், நத்தை ஓடுகள், பழைய வேர்கள். இயற்கை மண், ஏரிப் படிவாக இருக்கலாம்.

ஒரு நிமிஷம் கூடுதலா ஆகும். ஆனா இதைப் படிக்கறவருக்கு 1.5 மீட்டர்ல இருந்து மாதிரி எடுக்கணும், அதுல பெட்ரோலிய எண்ணெயும் உலோகமும் பாக்கணும், மேல இருக்கற சவுடுக்கு அந்தச் செலவு தேவையில்லைன்னு உடனே தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, துளையை மட்டும் நம்பாதீங்க. 15 செ.மீ. விட்டத்துல துளை போட்டா 30 செ.மீ. காங்கிரீட் துண்டு எப்படித் தெரியும்? எஸ்.பி.டி. சுத்தியல் அதுல மோதி நின்னா ‘ரெஃப்யூசல்’னு எழுதி, பாறை வந்துடுச்சுன்னு நினைக்கவும் வாய்ப்பு இருக்கு. நிரப்பு மண்ணுக்கு குழி தோண்டிப் பாக்கறதுதான் சரி. பக்கவாட்டுல அடுக்கு சரிஞ்சு கிடக்கறது, நடுவுல ஒரு லோடு மட்டும் வேற நிறத்துல இருக்கறது எல்லாம் குழியிலதான் தெரியும். களிமண்ணுக்கு மேல தண்ணி தேங்கி நிக்குதான்னும் பாக்கலாம். ஆனா முட்டுக் கொடுக்காத குழிக்குள்ள இறங்கவே இறங்காதீங்க. மேல நின்னு பாத்தாலே போதும், எடுத்த மண்ணை ஆழ வரிசைப்படி தனித்தனியாக் குவிச்சு வைங்க.

அப்பாவோட 1200 சதுர அடி

இன்டர்ன்ஷிப் முடிஞ்சு ஒரு மாசத்துல வீட்டுல ஒரு பேச்சு வந்துச்சு. அப்பா பல வருஷம் சேர்த்து, லோன் போட்டு, புறநகர்ல ஒரு மனை வாங்கியிருந்தார். வீடு கட்டணும், பின்னாடி ஒரு சின்னக் கிணறு, நாலு கத்திரிச் செடி, கொஞ்சம் கீரை. இதுதான் அவர் பிளான். நிலத்தைக் காட்டின புரோக்கர், “சார், நிரப்பி இருபது வருஷம் ஆச்சு, நல்லா இறுகிடுச்சு”ன்னு சொல்லியிருந்தார்.

“ஒரு குழி தோண்டிப் பாக்கலாம்பா”ன்னு சொன்னேன். அரை மணி நேர ஜேசிபி வாடகை. அப்பாவுக்கு அது வீண் செலவுன்னு முகத்துலயே தெரிஞ்சுது, ஆனாலும் வந்தார்.

மேல 60 செ.மீ. செவப்பு கிராவல், சுத்தமா இருந்துச்சு. 60-ல இருந்து 120 வரை இடிபாடு: செங்கல், பூச்சுக் காரை, நாலஞ்சு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் துண்டு. அதுக்குள்ள ஒரு சிப்ஸ் கவர், பேக்கிங் தேதி 2016. இருபது வருஷக் கதை அங்கேயே முடிஞ்சுது. 120-ல இருந்து 130 வரை, வெறும் 10 செ.மீ., கருப்புச் சாம்பல். அதுல எரிஞ்ச ஒயர் துண்டு, உருகிக் கட்டியான பிளாஸ்டிக். அதுக்குக் கீழே நத்தை ஓடு கலந்த களிமண், பழைய ஏரித் தரை.

ஒவ்வொரு அடுக்குல இருந்தும் தனித்தனியா மாதிரி எடுத்து ஒரு லேபுக்குக் கொடுத்தேன். கிராவல்லயும் களிமண்ணுலயும் சொல்ற மாதிரி எதுவும் இல்ல. அந்தச் சாம்பல்ல மட்டும் ஈயம் மத்த அடுக்குகளைவிடப் பல மடங்கு அதிகம்.

இங்கதான் கணக்கைக் கவனிங்க. குழி மண்ணை எல்லாம் ஒண்ணாக் கலந்து ஒரே மாதிரியா ‘ஃபில்ட் அப் சாயில், 0 - 1.3 மீ’ன்னு கொடுத்திருந்தா, 130 செ.மீ.ல 10 செ.மீ. சாம்பல். ஈயத்தோட அளவு 13-ல ஒரு பங்கா நீர்த்துப்போய், ரிப்போர்ட்ல கவனத்துக்கே வந்திருக்காது. அப்பா அதே மண்ணுல கிணறு தோண்டியிருப்பார். தோண்டின மண்ணைப் பின்னாடி பரப்பி அதுலயே கீரையும் போட்டிருப்பார்.

எதிர்ப்பக்கமும் பாருங்க. கலந்த மாதிரியிலயும் ஈயம் தெரிஞ்சிருந்தா, எந்த அடுக்குல இருக்குன்னு தெரியாம மொத்த நிரப்பு மண்ணையும் எடுக்கச் சொல்லியிருப்பாங்க. 1200 சதுர அடிக்கு 130 செ.மீ.ன்னா சுமார் 51 யூனிட். அந்தச் சாம்பல் அடுக்கு மட்டும்னா சுமார் 4 யூனிட். விவரிச்சு எழுதறதுக்கும் எழுதாததுக்கும் நடுவுல எங்க அப்பாவோட பாதி லோன் இருக்கு.

“அப்போ நிலம் கெட்டதா?”ன்னு அப்பா கேட்டார். அவர் குரல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. “நிலம் முழுசும் இல்லப்பா. நாலடிக்குக் கீழே ஒரு சாண்கூட இல்லாத ஒரு அடுக்கு மட்டும்தான்”னேன்.

கொஞ்ச நேரம் குழியையே பாத்துட்டு, “அதை எடுத்து எங்கேயாவது கொட்டிடலாமா?”ன்னார். நான் பதில் சொல்றதுக்குள்ள அவரே, “எங்க கொட்டினாலும் இன்னொருத்தன் மனைக்குத்தானே போகும்”னார். நமக்கும் அது அப்படித்தானே வந்திருக்கும்.

எங்க சுற்றுச்சூழல் பாட ஆசிரியர்கிட்ட கேட்டோம். மாசு இருந்தா மட்டும் ஆபத்து இல்ல, அது மனுஷனை வந்து சேர ஒரு வழியும் வேணும்னு அவர் விளக்கினார். ஈயம் மீத்தேன் மாதிரி வாயுவா மேல வராது. தோண்டாம, தூசி கிளப்பாம, அதுல பயிர் வைக்காம இருந்தா வழி அடைபடும். அதனால முடிவு இது: சாம்பல் அடுக்கை அங்கேயே விடறோம். அஸ்திவாரக் குழியில வர்ற அந்த அடுக்கு மண்ணை மட்டும் தனியா வச்சு, தரை காங்கிரீட்டுக்கு அடியிலயே போட்டுடணும். ஷீட் துண்டுகளைப் பொறுக்கிப் பையில கட்டியாச்சு. கிணறு கிடையாது. கீரை உண்டு, ஆனா வெளியில வாங்கின மண் நிரப்பின தொட்டியில.

அந்தக் குழியோட லாக்கை நான் தமிழ்ல எழுதி, ஃபோட்டோவும் லேப் ரிப்போர்ட்டும் சேர்த்து, பத்திரம் இருக்கற ஃபைல்ல வச்சிருக்கேன். நாளைக்கு யாராவது அந்த வீட்டை வாங்கினாலும் அந்தக் காகிதம் கூடவே போகணும்னு அப்பா சொல்லிட்டார்.

நமக்கு என்ன வேலை?

நம்ம நாட்டுல மாசுபட்ட இடங்களைக் கண்டுபிடிச்சு சரி பண்றதுக்குன்னே தனி விதிகள் 2025-லதான் வந்துச்சு. கட்டட இடிபாட்டுக் கழிவுக்கான விதிகள் 2016-ல இருந்தே இருக்கு, ஆனா ராத்திரியில ஏரிக்கரையில நிக்கற டிப்பரை நீங்களும் பாத்திருப்பீங்க. இனிமே இந்தத் துறையில வேலை வரும். பழைய போர் லாக்குகளை யாராவது எடுத்துப் புரட்டுவாங்க, எந்த இடத்துல என்ன கொட்டினாங்கன்னு தேடுவாங்க. அப்போ அவங்க கையில கிடைக்கப் போறது நாம இப்போ எழுதற வரிகள்.

அதனால இந்த வருஷம் இன்டர்ன்ஷிப் போற ஜூனியர்ஸ், மூணு விஷயம் மட்டும் செய்ங்க. ஒண்ணு, முதல் ரெண்டு மீட்டரைத் தாண்டி ஓடாதீங்க, அடுக்கடுக்கா எழுதுங்க. ரெண்டு, அடுக்குக்கு ஒரு மாதிரி எடுங்க, ரெண்டு அடுக்கைக் கலக்காதீங்க. மூணு, போர் போடற அண்ணன்கள் பேசறப்போ ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு அவங்க சொல்றதை அப்படியே எழுதிக்கங்க. சவுடு, ரப்பீஸ், கிராவல், கப்பி, சுக்கான்னு அவங்ககிட்ட இருக்கற வார்த்தைகள்ல பாதி எனக்கு எந்தப் பாடப் புத்தகத்துலயும் கிடைக்கல. ரிப்போர்ட்டை இங்கிலீஷ்லதான் கொடுக்கணும்னா கொடுங்க, ஆனா நோட்டுல இருக்கறது முழுசா அதுக்குள்ள போகட்டும்.

உங்க ஊர்ல நிரப்பு மண்ணுக்கு வேற என்னென்ன பேர் இருக்குன்னு தெரிஞ்சா இதழ் குழுவுக்கு எழுதி அனுப்புங்க மக்களே. மாவட்ட வாரியா ஒரு பட்டியல் போடலாம்னு இருக்கேன். அடுத்த பேட்ச் சைட்டுக்குப் போறப்போ அது கையில இருக்கட்டும்.